சிவபாக்கியம் டீச்சர் சொல்ல மறுத்த பதில்

மலாயாவில், ரந்தாவ் ஊருக்குப் பக்கத்தில் கல்லுமலைத் தோட்டம் என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. அங்கே மிஷன் நடத்திய ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை சாக்குக்கட்டிகள் திருட்டுப் போயின. பத்து இருந்த பெட்டியில் ஆறுதான் மிச்சம். டீச்சர் யார் பையையும் சோதிக்கவில்லை, பிரம்பையும் எடுக்கவில்லை. பெட்டியை மூடி மேசைக்கு அடியில் வைத்தார். கரும்பலகையில் ஓர் எழுத்துக்கூட எழுதாமல் அன்றைய பாடத்தை நடத்தி முடித்தார். மறுநாளும் அப்படித்தான். கூட்டல் கணக்கை விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். நாலாம் நாள் காலையில் நாலு கட்டிகளும் மேசைமேல் இருந்தன. யார் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. "இண்டைக்கு எழுதிப் படிப்பம்" என்று மட்டும் சொன்னார்.

எடுத்தவள் என் அம்மா, மயிலம்மாள். அப்போது அவருக்கு எட்டு வயது. "அடிச்சிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன்லா. அந்த வெறும் பலகையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன் பாரு, அதத்தான் தாங்க முடியல" என்பார். இந்தக் கதையில் பெரும்பகுதி அவர் சொன்னது. மீதியைத் தோட்டத்தில் மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டீச்சரின் முழுப்பெயர் மேரி சிவபாக்கியம். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஞானஸ்நானத்தில் மேரி என்று வைத்தாலும் வீட்டில் சிவபாக்கியம் என்றே கூப்பிட்டார்கள். மலாயாவில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார், "சிவன் பெயர் எதற்கு? மேரி போதுமே" என்று கேட்டபோது, "என்ர அப்பா வைச்ச பேர் ஐயா. கடவுளுக்கு அதில கோவம் இருந்தா எனக்குச் சொல்லுவார்" என்று பதில் சொன்னாராம். ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு சிரம்பானுக்கு வந்தவர். மூன்றாம் வருடமே மலேரியாவில் கணவர் போய்விட்டார். பிள்ளை இல்லை. அம்பாங்கானில் இருந்த அண்ணன் தம்பிராஜா, தன் வீட்டோடு வந்து இருக்கச் சொன்னார். டீச்சரோ மிஷனுக்கு விண்ணப்பம் எழுதிப்போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்துவிட்டார்.

பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரே அறை. அதற்குள் நாலு வகுப்பு. நாற்பத்தொரு பிள்ளைகளில் ஐந்து பேர்தான் கிறிஸ்தவர்கள். மற்றவர்கள் மாரியம்மன் கோயில் திருநீறு நெற்றியில் காயாமல் வருகிறவர்கள். அதை அழித்துவிட்டு வா என்று டீச்சர் ஒருநாளும் சொன்னதில்லை. காலையில் ஒரு பாட்டு, வேதத்திலிருந்து ஒரு கதை, பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் சும்மா இருக்க வேண்டும். நேற்று யாருக்கு என்ன செய்தோம், நல்லதா கெட்டதா என்று அவரவர் மனதுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை வெளியே சொல்லத் தேவையில்லை. மத்தியானம் யாரும் தனியாகச் சாப்பிடக் கூடாது. கொண்டுவந்தது எல்லாம் பெரிய தட்டில் சேரும். கொண்டுவராதவனும் அதே தட்டில் கை வைப்பான். பொய் சொல்லக் கூடாது. இவ்வளவுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்டம்.

1942, பொங்கல் வாரத்தில் ஜப்பான்காரர்கள் சிரம்பானைப் பிடித்தார்கள். அதற்கு முன்பே தோட்டத்துத் துரை காரில் ஏறிப் போய்விட்டிருந்தார். மிஷன் பாதிரியார் போகவில்லை. அவரைப் பிடித்துச் சிங்கப்பூர்ச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. அண்ணன் ஆள் அனுப்பினார். டீச்சர் வர முடியாது என்று சொல்லி அனுப்பினார். ஆளில்லாத துரை பங்களாவுக்குப் பின்னால், மரவள்ளி நட்டிருந்த மேட்டில், மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

சில மாதம் கழித்துப் பள்ளிகளைத் திறக்க உத்தரவு வந்தது. நிப்போன் மொழி, அதாவது ஜப்பான் மொழி, கற்றுக்கொடுக்க வேண்டும். காலையில் கிழக்கே திரும்பிச் சக்கரவர்த்திக்குத் தலை வணங்க வேண்டும். மதபோதனை கூடாது. டீச்சரும், தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி முருகேசுவும் மூன்று மாதம் சிரம்பானில் நிப்போன் மொழி படிக்கப் போனார்கள். முருகேசுவும் யாழ்ப்பாணத்தவர்தான், சைவர், நாற்பது வயது, பயந்த சுபாவம். டீச்சர் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். படிக்கச் சொன்னதை அரைகுறையாகப் படிக்க அவருக்குத் தெரியாது.

பள்ளி திறந்த முதல் நாள், கிழக்கே திரும்பி நின்ற பிள்ளைகளிடம் அவர் சொன்னார்:

"தலையைக் குனியச் சொன்னால் குனியுங்கோ. இது வணக்கம், கும்பிடு இல்லை. உங்கட நெஞ்சு ஆருக்குக் குனியுது எண்டது உங்களுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். அதை ஒரு பட்டாளமும் எட்டிப் பாக்க ஏலாது."

வேதப் புத்தகங்களையும் ஆர்மோனியத்தையும் சிப்பாய்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கதைகளை ஏற்ற முடியவில்லை. டீச்சர் பெயர்களை மட்டும் எடுத்துவிட்டார். "ஒரு மனிசனுக்கு ரெண்டு மகன்மார்" என்று ஆரம்பிப்பார். கேட்கும் எந்த அதிகாரிக்கும் அது வெறும் கதை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் கதையில், அவன் விழுந்து கிடந்தது ரந்தாவுக்கும் சிரம்பானுக்கும் நடுவில். கோயில் தர்மகர்த்தா பார்த்துவிட்டுப் போனார், தேவாலயத்து மூப்பர் பார்த்துவிட்டுப் போனார். நின்று தூக்கியவன் ஒரு சீனக் காய்கறிக்காரன். சீனர்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றுகொண்டிருந்த காலம் அது. அந்தக் கதையைக் கேட்டு முருகேசு வாசலிலேயே வெளிறிப்போய் நின்றார்.

"அக்கா, கதையில வேற ஆளைப் போடக்கூடாதோ?"

"வேற ஆளைப் போட்டால் அது வேற கதை, முருகேசு."

1943 தொடக்கத்தில் பள்ளிக் கட்டடத்தையே எடுத்துக்கொண்டார்கள். மரவள்ளி மாவு மூட்டை அடுக்க இடம் வேண்டுமாம். அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் பூசாரி ஆறுமுகம் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். பால்வெட்டும் பூசையும் இரண்டும் பார்க்கிற மனிதர். நெட்டையாக, எலும்பும் தோலுமாக இருப்பார்.

"கோயில் மண்டபம் சும்மாத்தான் கெடக்கு டீச்சரம்மா. புள்ளைங்கள அங்க கூட்டியாந்துருங்க."

"நான் வேதக்காரி. உங்கட கோயிலில இருந்து என்ர கதையைத்தான் சொல்லுவன். சம்மதமோ?"

"எல்லாம் நம்ம புள்ளைங்கதானே. நீங்க பொய் சொல்லாதன்னு சொல்லிக்குடுக்கறீங்க. ஆத்தா வேணாம்னா சொல்லப் போவுது?"

டீச்சர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் காலையில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பிள்ளைகளோடு மண்டபத்துக்குள் போனார். அம்மனுக்கு முதுகு காட்டக் கூடாது என்று ஆறுமுகம் கேட்டுக்கொண்டதால், கரும்பலகையைப் பக்கச் சுவரில் சாய்த்தார். அன்றைக்கும் பாட்டு இருந்தது, கதை இருந்தது, கைகளை மடியில் வைத்துச் சும்மா இருக்கும் நேரமும் இருந்தது.

அந்த வருடம் மே மாதம் ஜப்பான்காரர்கள் சயாம் காட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதைக்கு ஆள் எடுக்க வந்தார்கள். படம் காட்டுகிறோம், எல்லாரும் வாருங்கள் என்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிட்டார்கள். நம்பிப் போனவர்களில் முப்பத்தொரு ஆண்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். ஓடிவந்த பெண்களுக்கு ஒரு கஞ்சிக்கலயம்கூட எடுத்துவர நேரம் இருக்கவில்லை. மறுநாள் மண்டபத்தில் பதினாலு பிள்ளைகள் அப்பா இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜூலையில் இன்னும் இருபது பேர் வேண்டும் என்று உத்தரவு வந்தது. இந்த முறை ஒன்பது பேர் காட்டுக்குள் போய்விட்டார்கள். தோட்டத்தில் பால்வெட்டும் கடைசி வரிசை மரங்களுக்குப் பின்னால் ஒரு சதுப்புநிலம், அதைத் தாண்டி அடர்காடு. அங்கேதான் இருந்தார்கள். பெரியவர்கள் அந்தப் பக்கம் போனால் கண்ணில் படும். விறகு பொறுக்கப் போகிற பிள்ளைகள் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பிள்ளைகள்தான் பைக்குள் வைத்துக் கொண்டுபோனார்கள். மத்தியானத் தட்டில் வழக்கமாக விழுவதில் பாதி குறைந்தது. ஏன் என்று டீச்சர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

ஒளிந்திருந்த ஒன்பது பேரில் ஒருவர் வீரமுத்து. அவர் மகள் பஞ்சாலைக்குப் பத்து வயது. எதையும் கேட்டுவிடுகிற பெண். ஒருநாள் வகுப்பு நடுவில் எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஜப்பான்காரன் வந்து எங்கப்பா எங்கன்னு கேட்டா நான் என்னா சொல்றது?"

அவளே தொடர்ந்தாள்.

"தெரியாதுன்னு சொன்னா பொய்யி. பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. சொல்லிட்டா எங்கப்பாவ சயாமுக்குக் கொண்டுபோயிடுவான்."

டீச்சர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார்.

"நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய். என்னட்ட இப்ப மறுமொழி இல்லை. நாளைக்குச் சொல்லுறன்."

மறுநாள் காலைக் கதை இது. ஒரு நல்ல மனிதனைப் பிடித்துக்கொண்டு போய் ராசாவின் முன்னால் நிறுத்தினார்கள். ராசாவுக்கு அவனைப் பார்க்க நெடுநாள் ஆசை. கேள்விமேல் கேள்வி கேட்டான். பக்கத்தில் நின்றவர்கள் கத்தினார்கள். அந்த மனிதன் பொய் சொல்லவில்லை, கெஞ்சவில்லை. ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்லவில்லை.

"பொய் சொல்லக் கூடாது. அது அப்பிடியே இருக்கு, அதில மாற்றம் இல்லை" என்றார் டீச்சர். "ஆனா கேட்ட கேள்விக்கெல்லாம் மறுமொழி சொல்லவேணும் எண்டு ஒரு கட்டளையும் இல்லை. உங்கட வாய் உங்கட வாய். அதைத் திறக்கிறதும் மூடுறதும் கேக்கிறவன்ர அதிகாரம் இல்லை. விளங்குதே?"

பிறகு பழக்கினார். வரிசையாக ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று கேள்வி கேட்பார். யாரும் வாய் திறக்கக் கூடாது. "உன்ர பேர் என்ன?" மௌனம். "உன்ர மூக்கு எங்கே இருக்கு?" மௌனம். "பூசாரியின்ர ஆடு நேற்று எத்தனை முட்டை இட்டது?" முதல் நாள் இந்த இடத்தில் மண்டபமே சிரித்தது. ஆறு வயது அர்ச்சுனன் உருண்டே போய்விட்டான். இரண்டு வாரத்தில் அவன்கூடச் சிரிக்காமல் நிற்கப் பழகினான். பெற்றோர்கள் வெளியே நின்று பார்த்தார்கள். பஞ்சாலையின் அம்மா முத்தாயி மட்டும், "பச்சப் புள்ளைங்க டீச்சரம்மா, அடிச்சா தாங்குமா?" என்று கேட்டார்.

"அடிச்சால் நான் நடுவில நிப்பன்."

"உங்கள அடிச்சா?"

"நான் பச்சைப் பிள்ளை இல்லை, முத்தாயி."

ஆகஸ்டு மாதம், பாடம் தொடங்கி ஒருமணி நேரம் இருக்கும். ஒரு லாரி கோயில் முன்னால் வந்து நின்றது. ஓர் அதிகாரி, நாலு சிப்பாய்கள், கூடவே முருகேசு. அதிகாரி பூட்சோடு மண்டபத்துக்குள் ஏறினான். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து பனங்கற்கண்டைப்போல் பெரிய பெரிய சீனிக்கட்டிகளை எடுத்து மேசைமேல் பரப்பினான். பிள்ளைகள் சீனியைக் கண்ணால் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அதிகாரி சிரித்துக்கொண்டே பேசினான். முருகேசு தமிழில் சொன்னார். காட்டுக்குள் ஒளிந்திருக்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்கிற பிள்ளைக்கு இந்தச் சீனி. அப்பாவுக்கும் தண்டனை இல்லை, நல்ல வேலை, நல்ல அரிசி.

யாரும் பேசவில்லை.

அதிகாரி அர்ச்சுனன் முன்னால் போய்க் குனிந்தான். ஒரு கட்டியை அவன் உதட்டோடு வைத்தான். அர்ச்சுனனின் எச்சில் மோவாயில் வழிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். ஒவ்வொரு வரிசையாக அதிகாரி நடந்தான். கேட்ட கேள்வியையே கேட்டான். அவன் குரல் ஏற ஏற மண்டபம் இன்னும் அமைதியானது. பின்னால் யாரோ விசும்பும் சத்தம் மட்டும் வந்தது. என் அம்மா அம்மனின் காலடியையே பார்த்துக்கொண்டு, முந்தாநாள் டீச்சர் கேட்ட ஆட்டு முட்டையை நினைத்துக்கொண்டாராம். பயத்தில் சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று நாக்கைக் கடித்ததில் ரத்தம் வந்தது.

கடைசியில் அதிகாரியின் பொறுமை போய்விட்டது. கைக்கு எட்டியது பஞ்சாலையின் பின்னல். பிடித்துத் தூக்கினான். அவள் கால் தரையில் படவில்லை. வலி தாங்காமல் அவள் கத்தினாள்:

"எங்கப்பா செத்துட்டாரு! செத்துட்டாரு!"

அதிகாரி டீச்சர் பக்கம் திரும்பினான். உண்மையா என்று கேட்டான். முருகேசு டீச்சரின் பக்கம் நெருங்கி வந்தார்.

"அக்கா, ஓம் எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லு. கும்பிட்டுக் கேக்கிறன்."

ஆம் என்றால் பொய். இல்லை என்றால் வீரமுத்து பிடிபடுவார். வாயை மூடிக்கொண்டால் பஞ்சாலையின் தலைமயிர் அவன் கையிலேயே இருக்கும். டீச்சர் மேசையைச் சுற்றிக்கொண்டு நேரே போய், பின்னலைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டைப் பிடித்தார். சிப்பாய்கள் துப்பாக்கியை நிமிர்த்தினார்கள்.

"பிள்ளையை விடு. அவையள் எங்க இருக்கினம் எண்டு எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டன்."

முருகேசு அதிகாரியின் பக்கம் திரும்பினார். பிறகு நிப்போன் மொழியில், "ஷிரிமாசென்" என்றார். தெரியாது என்று அர்த்தம். அவர் டீச்சரைக் காப்பாற்றப் பார்த்தார்.

டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதிகாரியின் முகத்தைப் பார்த்து, அந்த மொழியிலேயே, ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகச் சொன்னார்:

"ஷிரிமாசென் இல்லை. ஈமாசென்."

'தெரியாது' அல்ல, 'சொல்ல மாட்டேன்' என்று அர்த்தம்.

அதிகாரியின் கை பின்னலை விட்டது. அதே கை டீச்சரின் இடது கன்னத்தில் விழுந்தது. காதோடு சேர்த்து விழுந்த அடி. அவர் தூணில் மோதி விழுந்தார். மறுபடி எழுந்து நின்றார். மறுபடி அடித்தான். மறுபடி எழுந்தார். மூன்றாம் முறை எழுந்து நின்றபோது, "ஈமாசென்" என்று அவன் கேட்காமலே சொன்னார். சிப்பாய்கள் அவரை லாரியில் தூக்கிப் போட்டார்கள். அதிகாரி முருகேசுவிடம் ஏதோ கத்திவிட்டு ஏறினான். இரண்டு நாளில் இவளே சொல்லிவிடுவாள், அப்புறம் வந்து பிடித்துக்கொள்கிறோம் என்று கத்தியதாகப் பின்னால் தெரிந்தது.

சீனிக்கட்டிகள் மேசைமேல் அப்படியே கிடந்தன. லாரிச் சத்தம் மறையும்வரை ஒரு பிள்ளையும் அசையவில்லை. பிறகு ஆறுமுகம் வந்து அதை அள்ளி, குளத்து மேட்டில் எறும்புப் புற்றில் கொட்டினார்.

அந்த இரண்டு நாள் அவகாசம் போதுமாக இருந்தது. ஆறுமுகம் அன்று மத்தியானமே விறகு வெட்டுகிறவர்போல் கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு சதுப்புநிலத்துக்குப் போனார். ஒன்பது பேரும் மலையைத் தாண்டி ஒரு மலாய்க் கம்பத்துக்கு, மலாய்க்காரர்களின் கிராமத்துக்கு, நடந்தார்கள். அங்கே வயல் வேலைக்கு ஆளாகக் கலந்துகொண்டார்கள். அந்த ஊர்த் தலைவரான பெங்குலு கேட்டது ஒரே கேள்விதான்: "நாற்று நடத் தெரியுமா?"

டீச்சரைச் சிரம்பானில் பதினோரு நாள் காவலில் வைத்திருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் தம்பிராஜா தினமும் போய் வெளிவாசலில் நின்றார். பன்னிரண்டாம் நாள் வெளியே விட்டார்கள். அண்ணன் அம்பாங்கானுக்குக் கூட்டிப்போக ரிக்ஷா வைத்திருந்தார். டீச்சர் ரந்தாவ் பக்கம் போகிற மாட்டுவண்டி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். இடது காது கேட்கவில்லை. வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. எழுத்து கோணலாகத்தான் வந்தது, கடைசிவரை.

வந்த மறுநாள் மண்டபத்தில் பாடம் நடந்தது. பாட்டு முடிந்ததும் பஞ்சாலை எழுந்து முன்னால் வந்தாள். அந்தப் பதினோரு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று முத்தாயி சொல்லியிருந்தார்.

"நான் பொய் சொல்லிட்டேன் டீச்சர். எங்கப்பா செத்துட்டாருன்னு. அதனாலதான் உங்கள அடிச்சாங்க."

டீச்சர் நல்ல காதை அவள் பக்கம் திருப்பினார். பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பொய் பொய்தான் பிள்ளை. அதை உண்மை எண்டு நான் உனக்குச் சொல்லித்தர ஏலாது. ஆனா அந்தப் பொய்யை உன்ர வாயில வைச்சது நீ இல்லை. உன்ர தலைமயிரைப் பிடிச்சவன். அதுக்குக் கடவுளிட்ட அவன்தான் மறுமொழி சொல்லவேணும். என்னை அடிச்சதுக்கும் அவன்தான். நீ இல்லை."

"அப்போ இன்னொரு வாட்டி வந்தா?"

"வந்தால் அழு. கத்து. கடிச்சாலும் பிழை இல்லை. அழுகிறதும் கத்துறதும் பொய் இல்லை. இப்ப போய் இரு."

பஞ்சாலை போய் உட்கார்ந்தாள். மத்தியானம் பெரிய தட்டில் முதல் ஆளாகக் கை வைத்தாள்.

அதிகாரி திரும்பி வரவில்லை. அதுவும், டீச்சரை விட்டதும் ஏன் என்பது சில வாரம் கழித்து முருகேசு வந்து சொன்னபோதுதான் டீச்சருக்குத் தெரிந்தது. தோட்டத்துப் பேரேட்டில் அந்த ஒன்பது பெயருக்கும் நேராக, காட்டில் காய்ச்சலில் இறந்தவர்கள் என்று எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்திச் சிரம்பானுக்கு அனுப்பியிருந்தார். கண்டுபிடித்திருந்தால் தலை போயிருக்கும்.

"நீங்கள் பொய் எழுதியிருக்கிறியள்" என்றார் டீச்சர்.

"ஓம் அக்கா. பஞ்சாலை சொன்ன பொய்தான். அதுக்கு நான் ஒரு முத்திரை குத்தினன்."

"சரி எண்டு நான் சொல்ல மாட்டன், முருகேசு. ஆனா உங்களுக்காக ஒவ்வொரு நாளும் ஜெபிப்பன்."

"சரி எண்டு நீங்கள் சொல்லவேண்டாம்" என்றார் முருகேசு. வாழ்க்கையில் முதல்முறையாக யாரிடமோ எதிர்த்துப் பேசியவர்போல் நிமிர்ந்து நின்றார். "திருப்பிக் கேட்டாலும் அதைத்தான் எழுதுவன்."

யுத்தம் முடிந்தது. சயாமுக்குப் போன முப்பத்தொரு பேரில் ஆறு பேர் திரும்பி வந்தார்கள். மலாய்க் கம்பத்திலிருந்து ஒன்பது பேரும் வந்தார்கள். சிங்கப்பூர்ச் சிறையிலேயே பழைய பாதிரியார் இறந்துபோயிருந்தார். 1946-இல் மிஷன் புதிதாக ஒரு பாதிரியாரை அனுப்பியது. அவர் நல்ல மனிதர்தான், சண்டையைக் கண்ணால் காணாதவர். கட்டடத்தைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார். பிறகு டீச்சரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். இரண்டரை வருடம் விக்கிரகக் கோயிலில் வேதம் போதித்ததாகப் புகார் வந்திருக்கிறது, தவறு என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும், வேலையில் தொடரலாம் என்றார்.

"தவறு எண்டு எழுத ஏலாது, ஐயா."

"ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். நாலு வரி."

"அந்தக் கோயிலில இருந்து நான் ஒருநாளும் பொய் சொல்லேல்லை. உங்கட ஆபீசுக்கு வந்து முதல் பொய்யைச் சொல்லச் சொல்லுறியளோ?" டீச்சர் எழுந்துவிட்டார். "உங்கட பள்ளிக்கூடத்துக்குள்ள மாவு மூட்டை இருந்தது. பிள்ளையள் வெயிலில நிண்டதுகள். கதவைத் திறந்தவர் ஆறுமுகம். உங்கட கடவுளும் என்ர கடவுளும் ஒண்டெண்டால், அவர் அந்த ரெண்டரை வருசமும் ஆரின்ர பக்கம் நிண்டிருப்பார் எண்டு கேட்டுப் பாருங்கோ."

அன்றோடு அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சிரம்பானிலிருந்து வேறொரு டீச்சர் வந்தார். பள்ளி திறந்த காலையில், சுண்ணாம்பு மணக்கும் கட்டடத்துக்குள் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் மாரியம்மன் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை. பால்வெட்டத் தீம்பாருக்குப் போகிற வழியில் வீரமுத்து பஞ்சாலையைக் கோயிலில் விட்டார். அதைப் பார்த்து அடுத்தவர் விட்டார். சாமான்களைக் கட்டிக்கொண்டு அம்பாங்கானுக்குக் கிளம்பி நின்ற டீச்சர், மூட்டையை அவிழ்த்தார்.

நாலு மாதம் இப்படி நடந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெண்கள் முறைவைத்து அவருக்குச் சோறு கொடுத்தார்கள். பாதிரியார் ஒருநாள் தானே மண்டபத்துக்கு வந்தார். வாசலில் நின்று பார்த்தார். பிள்ளைகள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த நேரம் அது. அவர் குனிந்து தன் ஷூவைக் கழற்றினார். உள்ளே வந்து ஓரமாக நின்றார். எல்லாம் முடிந்தபிறகு, "திரும்பி வாருங்கள்" என்றார்.

"ஒரு கடிதம் எழுதவேணும்" என்றார் டீச்சர். "நான் இல்லை. நீங்கள். ஆறுமுகத்துக்கு."

மிஷனில் அதற்குச் சில கூட்டம் நடந்ததாம். கடைசியில் கடிதம் வந்தது, ஆங்கிலத்தில், முத்திரையோடு. டீச்சர் அதைக் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் பிரித்துத் தமிழில் படித்தார். யுத்த காலத்தில் பள்ளிக்கு இடம் தந்து உதவியதற்கு மிஷன் நன்றி தெரிவித்துக்கொள்கிறது என்று இரண்டு வரி.

ஆறுமுகம் தலையைச் சொறிந்தார். "அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"இத எழுதவா நாலு மாசம் எடுத்தாங்க?"

டீச்சர் கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னார். சுண்ணாம்பு அடித்த கட்டடத்துக்கு அவர்களை நடத்திக்கொண்டு போனார். அதன்பிறகு பதினாலு வருடம் அங்கேதான் இருந்தார். மிஷனோடு இன்னும் மூன்று முறை சண்டை போட்டார். மூன்றிலும் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். அவர் எழுதவே இல்லை.